மகாராஜாவும் நம்ம ஊர்த் தோலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். ஆனா தயவுசெஞ்சு தோலைப் பத்தி மட்டும் வேணாம். வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தோல் ஷாப்காரங்க, இல்லேன்னா ஷூ கம்பெனிக்காரங்க. அவங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டுக்கொண்டார். நியாயமான வேண்டுகோள்தான். ஏற்றுமதித் தொழிலில் இருந்தவன் பாதி வாழ்க்கையை ஷாப்பிலும் மீதியை மீனம்பாக்கத்திலும் கழிக்கிறான். ஆகவே இன்று மீனம்பாக்கத்துப் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். ஏர் இந்தியா என்கிற நம் நாட்டு விமான நிறுவனம் எப்படிப் பிறந்தது, எப்படிப் பேர் வாங்கியது, எதனால் அந்தப் பேரை இழந்தது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் பேச்சு. கடைசியில் தோலுக்கு வந்துவிட்டால் செயலாளர் மன்னிக்க வேண்டும்.

ஏர் இந்தியா என்றாலே பம்பாய் நிறுவனம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் முதல் பயணம் முடிந்த ஊர் நம்ம மெட்ராஸ்! 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்ற ஒற்றை என்ஜின் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். உள்ளே தபால் மூட்டை, ஏறத்தாழ 25 கிலோ. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவந்து போட்ட கடிதங்கள் அவை. ஆமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில், டின் டின்னாக! அங்கிருந்து பம்பாய் ஜூஹு. அதற்குமேல் நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாக மறுநாள் மெட்ராஸுக்கு ஓட்டி வந்தார். வழிகாட்ட ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துக்கொண்டே வரவேண்டியதுதான்.

அரசு மானியம் ஒரு பைசா கிடையாது. மழைக்காலம் வந்தால் ஜூஹு தளம் தண்ணீரில் முழுகிவிடும். பூனாவுக்கு மாற வேண்டும். முதல் ஆண்டு முழுக்கச் சேர்ந்து பயணம் செய்தவர்கள் 155 பேர். இன்றைக்கு ஜோலார்பேட்டையில் ஏலகிரி எக்ஸ்பிரஸின் ஒரே பெட்டியில் அதைவிட அதிகம் பேர் ஏறிவிடுவார்கள்! அப்படியும் அந்த ஆண்டில் 60,000 ரூபாய் லாபம் காட்டினார்கள். தபாலை நேரத்துக்குச் சேர்த்ததுதான் அவர்கள் சம்பாதித்த பெரிய சொத்து.

1946-ல் டாட்டா ஏர்லைன்ஸ் 'ஏர் இந்தியா' ஆனது. 1948-ல் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று ஏர் இந்தியா இன்டர்நேஷனல் அமைந்தது; அரசுக்கு 49 சதவீதப் பங்கு. அதே 1948-ல்தான் அடையாறில் நம்முடைய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் பிறந்தது. இரண்டும் சம வயசுக்காரர்கள். அந்த ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தது. சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அந்த விமானமே 1950 நவம்பரில் ஆல்ப்ஸ் மலையில் மோதி, அதில் இருந்த 48 பேரும் இறந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விமானத்தின் கதையில் பெருமையை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்ல முடியாது.

1953-ல் நாட்டுடைமை ஆனது. ஆனாலும் தலைவராக ஜே.ஆர்.டி.யையே வைத்துக்கொண்டார்கள். 1954-55-ல் சூப்பர் கான்ஸ்டலேஷன் வந்ததும் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், டோக்கியோ. 1960-ல் போயிங் 707 ஜெட் வந்தது. அதே ஆண்டு மே மாதம் நியூயார்க். 1962-ல் பழைய பிரொப்பெல்லர் விமானங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முழுக்க முழுக்க ஜெட் விமானங்களையே ஓட்டுகிற உலகின் முதல் விமான நிறுவனம் என்று பேர் வாங்கியது. அமெரிக்காக்காரன் இல்லை, பிரிட்டிஷ்காரன் இல்லை, நாம்!

ஆனால் ஜெட் விமானத்தைப் பணம் இருந்தால் யாரும் வாங்கலாம். போயிங் கம்பெனி எல்லாருக்கும் ஒரே விமானத்தைத்தான் விற்கிறது. அப்படியிருக்க, மற்றவனை விட்டுவிட்டு இவனிடம் டிக்கெட் வாங்க ஆள் ஏன் வந்தான்?

முதலாவது, அந்த மீசைக்கார மகாராஜா. 1946-ல் ஏர் இந்தியாவின் வணிகப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பாபி கூக்காவும், ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்து ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கியது. முதலில் குறிப்பெழுதுகிற தாளில் அச்சடிக்கத்தான் வரைந்தார்கள்; பிறகு அவரே கம்பெனியின் முகமாகிவிட்டார். தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்ளும் மகாராஜா அவர். 1967-ல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடோர் டாலியிடம் பயணிகளுக்குப் பரிசளிக்கச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரச் சொன்னார்கள். கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, யானைக்குட்டி வேண்டும் என்றாராம் மனிதர். பெங்களூரிலிருந்து யானைக்குட்டியை விமானத்தில் அனுப்பி வைத்தார்கள்! இன்றைய கணக்குப்பிள்ளைகள் இதற்கு வவுச்சர் பாஸ் பண்ணுவார்களா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவதுதான் முக்கியம். ஜே.ஆர்.டி. தன் விமானத்தில் ஏறினால் பயணியாகச் சும்மா வரமாட்டார். கையில் குறிப்பேடு. இறங்கியதும் பக்கம் பக்கமாக அதிகாரிகளுக்குக் குறிப்பு போகும். ஒரு பயணத்தில் ஜெனீவாவில் ஏற்றிய டீக்கும் காபிக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று எழுதினார். சில இருக்கைகள் நன்றாகச் சாய்கின்றன, சில சாயவில்லை. எல்லாவற்றையும் ஒரே அளவாகச் சரிபண்ணுங்கள் என்று எழுதினார். எஃகு, லாரி, ரசாயனம் என்று அத்தனை கம்பெனிகளுக்குத் தலைவர். அந்த மனிதர் டீயின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்ம ஷாப்களில் தோலை வகை பிரிக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் தோலைப் போட்டு, ஒரு கையால் தடவிவிட்டு, "இது ஏ இல்லே, பி. கழுத்துப் பக்கம் உண்ணிக்கடி இருக்கு" என்பார். நமக்கு ஒன்றும் தெரியாது. வாங்குகிறவன் கண்ணுக்கு இத்தாலியில் தெரியும். ஏர் இந்தியாவுக்கு அப்படிப்பட்ட ஒரு கண் முப்பது, நாற்பது வருஷம் இருந்தது. விமானத்தின் கேபினில் நடப்பதெல்லாம் அந்தக் கண்ணின் வேலைதான்.

1971-ல் முதல் ஜம்போ, 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747, வந்தது. 'வானத்தில் ஓர் அரண்மனை' என்று விளம்பரம். ஜன்னல் ஒவ்வொன்றையும் சுற்றி வெளியே ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம் மாதிரி வளைவு தீட்டியிருந்தார்கள். மாடியில் முதல் வகுப்புக்காரர்கள் உட்கார்ந்து பேச ஓர் அறை. சேலை கட்டிய பணிப்பெண்கள். ஒவ்வொரு ஜம்போவுக்கும் ஒரு பேரரசர் பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று ராஜேந்திர சோழன். கடாரம் வரை கப்பல் அனுப்பியவன் பெயர் சரியான வாகனத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இந்த ஜம்போ நமக்கு வேறு விதத்திலும் முக்கியம். மேலே பயணிகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் காலடியில், விமானத்தின் வயிற்றில், சரக்கு போகிறது. 1988-ல் ஏர் இந்தியா வாங்கிய இரண்டு 747-300 'காம்பி' விமானங்களில் மேல்தளத்தின் பின்பகுதியிலேயே சரக்கு ஏற்றலாம். 1970-களின் நடுவில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, பினிஷ்டு தோலாகவும் ஷூவாகவும் அனுப்புங்கள் என்றதும் நம்ம தொழிலின் கடிகாரமே மாறிவிட்டது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்கு அவசரம் கிடையாது. கப்பலில் ஆடி அசைந்து போகும். ஷூவுக்கு சீசன் உண்டு. கோடைக்கால ஷூ கோடை முடிந்தபின் போனால் யாருக்கு வேண்டும்?

ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். சோல் வர லேட்டு, கரண்ட் இல்லை, மழை. கப்பல் தேதி தவறிவிடும். ஜெர்மனியிலிருந்து ஒரு வரியில் பேக்ஸ் வரும்: உன் செலவில் விமானத்தில் அனுப்பு, இல்லையென்றால் ஆர்டர் ரத்து. அப்போது தெரியும் வால்யூம் வெயிட் என்றால் என்னவென்று. மாணவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுக்க வேண்டும். 60-க்கு 40-க்கு 35 அளவுள்ள அட்டைப்பெட்டி என்றால் 14 கிலோ. உள்ளே இருக்கும் 12 ஜோடி லேடீஸ் ஷூவின் உண்மை எடை 9 கிலோதான் இருந்தாலும் 14 கிலோவுக்குத்தான் பணம். ஷூவுக்குள் இருக்கிற காற்றுக்கும் கூலி கொடுக்கிறோம்! அப்பர் மட்டும் தட்டையாக அடுக்கி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. இரவு லாரி கிளம்பி, விடியுமுன் மீனம்பாக்கம் கார்கோவில் நின்று, கஸ்டம்ஸ் முடித்து, பெட்டிகள் உள்ளே போகிற வரைக்கும் தொண்டையில் தண்ணீர் இறங்காது. லாபம் போனாலும் பையர் மிஞ்சுவார் என்ற நம்பிக்கையில் செய்கிற காரியம் அது.

1990-ஐ மறந்துவிட்டுப் பேசினால் இந்த ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவில் எத்தனை பேர்! பாக்தாத் வழியாகப் பாலைவனம் தாண்டி ஜோர்டான் வந்து சேர்ந்தவர்களை அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஏற்றி வந்தன. 59 நாட்கள், 488 விமானங்கள், 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். பயணிகள் விமானங்கள் நடத்திய மிகப்பெரிய மீட்பு என்று கின்னஸில் பதிவானது. அப்போது யாரும் டீயின் நிறத்தைப் பார்க்கவில்லை. மாணவர்கள் 2016-ல் வந்த இந்திப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்; வீட்டில் தாத்தா, பெரியப்பா யாராவது அந்த விமானத்தில் வந்திருந்தால் படத்தைவிட அவரிடம் கேளுங்கள்.

இனிக் கசப்பான பகுதி. 1978 ஜனவரி 1-ஆம் தேதி இரவு, அந்த முதல் ஜம்போ அசோகா பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து மத்திய அரசு நீக்கியது. 1985 ஜூன் 23-ல் 'கனிஷ்கா' விமானத்தை அட்லாண்டிக் மேலே குண்டு வைத்துத் தகர்த்தார்கள், 329 பேர். 1993-ல் புது 747-400 வந்தது உண்மை. அதன்பிறகு பெரிய ஆர்டர் என்று கொடுத்தது 2005 கடைசியில்தான். இடைப்பட்ட காலத்தில் சிங்கப்பூர்க்காரனும் துபாய்க்காரனும் மெட்ராஸுக்கே வந்து நம்ம பயணிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனியாகப் பிரிந்ததே 1972-ல்தான். நம்ம மகாராஜாவுக்கு அது வயசில் தம்பி! 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை ஏர் இந்தியாவோடு இணைத்தார்கள். இரண்டு சம்பளப் பட்டியல், இரண்டு விதமான விமானங்கள், ஒரே கடன். 2021 ஆகஸ்டில் கடன் 61,562 கோடி ரூபாய். உடைந்த இருக்கை, எரியாத திரை என்று பயணிகளின் புகார் பத்திரிகையில் வராத வாரம் கிடையாது.

கடனுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்; பொருளாதாரப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், நான் அதில் இறங்கவில்லை. ஆனால் உடைந்த இருக்கைக்குக் காரணம் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். அதைப் பார்த்து எழுத வேண்டிய கண் இல்லாமல் போயிற்று. எழுதினாலும் படிக்க ஆள் இல்லை.

2022 ஜனவரி 27-ல் மறுபடி டாட்டாவிடமே வந்தது. விலை 18,000 கோடி, அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது. 2023-ல் ஏர்பஸ் 250, போயிங் 220 என்று 470 விமானங்களுக்கு ஆர்டர். 2024 ஜனவரியில் ஏ350 பறக்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் விஸ்தாரா இணைந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 சதவீதப் பங்குதாரர் ஆனது. அந்தத் தம்பி இப்போது அண்ணன் வீட்டில் கால்வாசிச் சொந்தக்காரர். இவ்வளவுக்கும் நடுவில் 2025 ஜூன் 12 வந்தது. ஆமதாபாத்தில் கிளம்பிய லண்டன் விமானம் சில நொடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவர். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர்கள். விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள். புது இருக்கை, புது வண்ணம் எதுவும் அன்றைக்குப் பேச்சுக்கு வராது.

இனி, செயலாளர் பயந்த இடத்துக்கு வருகிறேன். பழைய விமானங்களின் உட்புறத்தை மாற்ற 40 கோடி டாலர் என்று 2022 டிசம்பரிலேயே அறிவித்தார்கள். போயிங் 777, 787 என்று 40 பெரிய விமானங்கள், இருக்கை முதல் எல்லாம் புதுசு. அறிவிப்பைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி: உலகத்தில் எத்தனையோ விமானங்களில் தோல் இருக்கை இருக்கிறது. டீ கொட்டினால் துடைத்துவிடலாம், துணியைவிட அதிக நாள் உழைக்கும். ஷூவில் இவ்வளவு தூரம் வந்த நாம் அந்தப் பக்கம் ஏன் அதிகம் போகவில்லை?

ஒரு காரணம், நம்ம மாட்டுத்தோல் அளவில் சிறியது. முள் கீறல், உண்ணிக்கடி, சூடு போட்ட தழும்பு அதிகம். ஷூவுக்குச் சிறு சிறு துண்டாக வெட்டும்போது தழும்பை ஒதுக்கிவிடலாம். இருக்கைக்குப் பெரிய துண்டு வேண்டும். இன்னொரு காரணம் நெருப்பு. விமான இருக்கைத் துணியோ தோலோ, செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 12 விநாடி தீ காட்டுவார்கள். தீயை எடுத்தபின் 15 விநாடிக்குள் அணைந்துவிட வேண்டும். எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சொட்டுகிற துளி 5 விநாடிக்குமேல் எரியக்கூடாது. தோல்தானே, எரியாது என்று நினைப்போம். ஆனால் பளபளப்புக்கு அடிக்கிற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பஞ்சு மாதிரி பற்றும். மென்மைக்கு ஊட்டுகிற எண்ணெய் தீயை வளர்க்கும். குரோம் தோலுக்கு வேறு ஒரு கெட்ட குணம், சுடர் அணைந்தபிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நம்ம தாத்தா காலத்துப் பட்டைத் தோல் இந்த விஷயத்தில் அதைவிடச் சாது. தோலும் ஒல்லியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு இருக்கையிலும் ஏறுகிற கிராமை வருஷம் முழுக்க எரிபொருள் போட்டுச் சுமக்க வேண்டுமே!

நாம் நீராலும் சுண்ணாம்பாலும் தோலைப் புரிந்துகொண்டவர்கள். நெருப்பால் புரிந்துகொள்வது இனி உங்கள் தலைமுறை செய்ய வேண்டிய வேலை. வேதியியல் படிக்கிறவர்களுக்கு இதில் இரண்டு, மூன்று ஆராய்ச்சிப் பட்டமே கிடக்கிறது. சோதனைக்கு அடையாறு இரண்டரை மணி நேரம்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு வேதியியல் ஆய்வகத்தில் ஐந்து துண்டுத் தோல் வைத்திருக்கிறேன்: குரோம் இரண்டு, பட்டை ஒன்று, லாக்கர் அடித்தது ஒன்று, அடிக்காதது ஒன்று. துறைத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். பர்னர், ஸ்டாப் வாட்ச் எல்லாம் தயார். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் வருகிறவர்கள் வாருங்கள். ஜன்னல்களை மட்டும் முன்கூட்டியே திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், நாற்றம் தாங்காது.